பூட்டு எதற்குச் சாட்சி?

சென்ற வாரம் எமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று, உயர்தர வகுப்பில் தகவல் தொழில்நுட்பம் பயிலும் மாணவி ஒருவர் எழுதியது. கொட்டாஞ்சேனையில் வசிக்கும் அவருடைய தாயாரின் கைத்தொலைபேசிக்கு ஒருநாள் குறுஞ்செய்தி ஒன்று வந்ததாம். வெளிநாட்டிலிருந்து ஒரு பொதி வந்திருக்கின்றது, முகவரி தெளிவாக இல்லை, சிறு தொகை செலுத்தினால் வீட்டுக்கே கொண்டுவந்து தருவோம் என்பது செய்தி. கனடாவிலுள்ள மூத்த மகள் ஏதோ அனுப்பியிருக்கின்றாள் என்று தாயார் நம்பினார். செய்தியிலிருந்த இணைப்பைத் திறந்தார். வங்கி அட்டையின் இலக்கத்தைக் கொடுத்தார். வங்கியிலிருந்து வந்த இரகசிய இலக்கத்தையும் கொடுத்தார். வீட்டு வாடகைக்கென்று வைத்திருந்த பணம் அன்று மாலைக்குள் போய்விட்டது.

“பக்கத்தின் மேலே பூட்டு அடையாளம் இருந்தது. பூட்டு இருந்தால் பயமில்லை என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான்” என்று மாணவி எழுதுகின்றார். “அன்று முதல் அம்மா கைத்தொலைபேசியைத் தொடவே அஞ்சுகின்றார். அக்காவுடன் பேசுவதையும் குறைத்துக்கொண்டார். பரீட்சைக்கென மனனஞ் செய்த சொற்கள் எல்லாம் எனக்கு நினைவில் இருக்கின்றன. அவற்றுள் எது எங்களுக்குப் பொய் சொன்னது என்பதுதான் தெரியவில்லை.”

அவற்றுள் எதுவுமே பொய் சொல்லவில்லை என்பதே எமது விடை. வலையமைப்பில் வழங்கும் நெறிமுறைகள் ஒவ்வொன்றும் ஒரேயொரு வாக்குறுதியைத் தருகின்றன. தந்த வாக்கைப் பெரும்பாலும் காக்கவுஞ் செய்கின்றன. அவை தராத வாக்குறுதியைத் தந்ததாக நாம் எண்ணிக்கொள்ளும்போதுதான் ஏமாற்றம் நேர்கின்றது. ஆகவே, இவ்வாரம் அந்த மாணவியின் பாடப் புத்தகச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, எது எதற்குச் சாட்சி சொல்கின்றது என்று பார்ப்போம்.

முதலில் ‘நெறிமுறை’ என்ற சொல். ஆங்கிலத்தில் புரொட்டோகோல் என்பர். முன்பின் அறியாத இருவர் ஒரு காரியத்தைக் குழப்பமின்றிச் செய்வதற்கு முன்கூட்டியே செய்துகொண்ட உடன்பாடு என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். தபால் உறையில் பெறுபவர் பெயர் எங்கே, முத்திரை எங்கே என்பதெல்லாம் அத்தகைய உடன்பாடுதான். இணையத்தின் உடன்பாடுகளை எந்த அரசனும் ஆணையிட்டு விதிக்கவில்லை. 1969ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க மாணவரான ஸ்டீவ் குரொக்கர் முதல் குறிப்பை எழுதியபோது, அவ்வரிசைக்கு ‘கருத்துக்களுக்கான வேண்டுகோள்’ என்று அடக்கமாகவே பெயரிட்டனர். இன்றுவரை அப்பெயரிலேயே நெறிமுறைகள் வெளியாகின்றன. வின்ற் சேர்ஃப், பொப் கான் என்னும் இருவர் 1974இல் வெளியிட்ட கட்டுரையே இன்றைய இணையத்துக்கு அடிப்படை. அதிலிருந்து வளர்ந்த டீ.சீ.பீ., ஐ.பீ. என்னும் இரு நெறிமுறைகளுக்கும் 1983 ஜனவரி முதலாந் திகதி அமெரிக்காவின் ஆர்பாநெற் வலையமைப்பு முழுவதும் மாறிக்கொண்டது.

எமது நாட்டுக்கு இவ்வுடன்பாடு வந்த கதையும் சுவையானது. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அபய இந்துருவ அவர்களின் முயற்சியால் 1990ஆம் ஆண்டில் ‘லேர்ன்’ என்னும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பின் மின்னஞ்சற் சேவை தொடங்கிற்று. இடையறாத இணைப்பு அந்நாளில் இல்லை. சேர்த்து வைத்த கடிதங்களைத் தொலைபேசி அழைப்பின் வழியே கட்டாக அனுப்பி, வந்தவற்றைக் கட்டாகப் பெற்றுக்கொள்வர். பொதுமக்கள் கட்டணஞ் செலுத்தி இணையத்தைப் பெறும் வசதி 1995இல்தான் வந்தது.

இனி ஐ.பீ. என்பதைக் காண்போம். இதை விளக்க நாம் கிராண்ட்பாஸை விட்டு வெளியே போகவேண்டியதில்லை. இப்பகுதிக்குப் பெயர் வந்ததே களனி கங்கையைக் கடக்கும் துறையினால்தான். ‘பெருங்கடவை’ என்று பொருள்படும் போர்த்துக்கேயப் பெயரின் திரிபே கிராண்ட்பாஸ் என்பர். ஒரு கரையிலிருந்து வந்தவர் எவராயினும், எந்த ஊருக்குப் போகின்றவராயினும், இத்துறைக்கு வந்தே அப்பால் செல்லவேண்டும். வலையமைப்பில் இத்தகைய கடவையிலே நிற்கும் கருவிதான் ரவுட்டர். அதனை வழிப்படுத்தி என்றும் சொல்லலாம். எமது வீட்டின் மூலையில் விளக்குகள் மினுங்க அமர்ந்திருக்கும் சிறு பெட்டியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

நாம் அனுப்பும் படமோ கடிதமோ முழுதாகப் போவதில்லை. அது சிறு சிறு துண்டுகளாக்கப்படுகின்றது. அவற்றைப் பொதிகள் என்பர். ஒரு பொதி பெரும்பாலும் 1500 பைற்றுக்கு மேற்படாது. ஒவ்வொரு பொதியின் மேலும் அனுப்புபவரின் ஐ.பீ. முகவரியும் பெறுபவரின் ஐ.பீ. முகவரியும் எழுதப்படும். கடவையில் நிற்கும் ரவுட்டர் பொதியைப் பிரித்துப் படிக்கவேண்டியதில்லை. போகும் இடத்தைப் பார்த்து, “இது அந்தப் பக்கம்” என்று அடுத்த கடவைக்குத் தள்ளிவிடுவதே அதன் தொழில். கொழும்பு 14 என்றால் கிராண்ட்பாஸ், 13 என்றால் கொட்டாஞ்சேனை, 6 என்றால் வெள்ளவத்தை என்று தபாற்காரர் முதலில் வட்டாரத்தைப் பார்த்துப் பிரிப்பதுபோல, முகவரியின் முற்பகுதி எந்த வலையமைப்பு என்பதையும், பிற்பகுதி அதனுள் எந்தக் கணினி என்பதையும் காட்டும்.

பழைய முறையான நான்காம் பதிப்பு முகவரிகள் ஏறத்தாழ 430 கோடி மாத்திரமே. பங்கிட்டுக் கொடுக்க உலகப் பொதுக் கையிருப்பில் இருந்தவை 2011 பெப்ரவரியில் தீர்ந்துபோயின. அளவிறந்த முகவரிகளைக் கொண்ட ஆறாம் பதிப்பு அதற்கு மாற்றாகப் பரவி வருகின்றது. ஆனாலும் பழைய முறை இன்னும் நடைபெறுவதற்கு ஒரு சூழ்ச்சி துணைசெய்கின்றது. கிராண்ட்பாஸில் ஒரே வீதி இலக்கத்தின் கீழ் பல வீடுகள் கொண்ட தோட்டங்களை நேயர்கள் அறிவர். வெளியாருக்குத் தெரிவது வாயில் இலக்கம் ஒன்றுதான். எந்தக் கடிதம் எந்த வீட்டுக்கு என்பதை வாயிலில் உள்ளவர் அறிவார். வீட்டு ரவுட்டரும் அவ்வாறே. உள்ளே தந்தையார், பிள்ளைகள் ஆகியோரின் கருவிகள் 192.168 என்று தொடங்கும் உள்வீட்டு இலக்கங்களோடு இருக்க, வெளியுலகுக்கு ஒரே முகவரியைக் காட்டுகின்றது.

ஐ.பீ. தரும் வாக்குறுதி என்ன? “இயன்றவரை கொண்டுபோய்ச் சேர்க்க முயல்வேன்” என்பது மாத்திரமே. வழியில் ஒரு பாதை அடைபட்டால் வேறு பாதையில் திருப்பிவிடும். ஆனால் வேறு பாதை இருந்தால்தானே! களனி கங்கையில் 1822இல் அமைந்த தோணிப் பாலமும், 1895இல் வந்த விக்டோரியா பாலமும் தத்தம் காலத்தில் பெரும்பாரத்தைத் தனியே சுமந்தவை. 1959இல் புதிய களனிப் பாலமும், 2021இல் கல்யாணிப் பாலமும் வந்ததனால் ஒன்றில் நெரிசலென்றால் மற்றொன்றில் போகலாம் என்ற நிலை உண்டாயிற்று. இணையத்திலும் நாம் இதனை அனுபவத்திற் கண்டோம். 2004 ஆகஸ்ட்டில் கொழும்புத் துறைமுகத்துக்கு அருகே ஒரு கப்பலின் நங்கூரம் கடலடிக் கம்பியைச் சேதப்படுத்தியபோது, நாட்டின் இணையத் தொடர்பு பெரிதும் தடைப்பட்டது. நெறிமுறையில் குற்றமில்லை, திருப்பிவிடப் போதிய பாதை இல்லை. அதன்பின் 2005இல் மற்றொரு சர்வதேசக் கம்பியும், 2006இல் கல்கிசையையும் தூத்துக்குடியையும் இணைக்கும் கம்பியும் கடலில் இடப்பட்டன.

பொதிகள் முயற்சியின்பேரில் மாத்திரமே போகின்றன என்றால், சில தொலையலாம். பின்னே வரவேண்டியது முன்னே வரலாம். இதனைச் சீர்செய்வது டீ.சீ.பீ. என்னும் நெறிமுறை. இதனைப் பதிவுத் தபாலுக்கு ஒப்பிடலாம். முதலில் இரு கணினிகளும் மூன்று வார்த்தையில் அறிமுகஞ் செய்துகொள்கின்றன. “கேட்கின்றதா?” “கேட்கின்றது, உமக்குக் கேட்கின்றதா?” “கேட்கின்றது.” பின்பு, அனுப்பும் துண்டுகளுக்கெல்லாம் வரிசை இலக்கம் இடப்படும். பெற்றவர் பற்றுச்சீட்டு அனுப்புவார். பற்றுச்சீட்டு வராத துண்டு மறுபடியும் அனுப்பப்படும். டீ.சீ.பீ. தரும் வாக்குறுதி, அனுப்பியது குறைவின்றியும் வரிசை மாறாமலும் சேரும் என்பது.

மாணவியின் அக்காள் கனடாவிலிருந்து முகம்பார்த்துப் பேசும்போது பெரும்பாலும் தொழிற்படுவது யூ.டீ.பீ. என்னும் வேறொரு நெறிமுறை. அது பற்றுச்சீட்டுக் கேட்பதில்லை; சாதாரணத் தபால் போன்றது. “அம்மா, எப்படி இருக்கிறீங்கள்?” என்பதில் ஓரெழுத்து தொலைந்தால், அதனை மீண்டும் கேட்டு வாங்கக் காத்திருப்பதைவிடப் பேச்சைத் தொடர்வதே நன்று. அதனால்தான் சில வேளைகளிற் படம் ஒரு கணம் சிதறிப் பின் தெளிகின்றது.

ஒரே கணினிக்குக் கடிதமும் வரும், பக்கமும் வரும், பேச்சும் வரும். எது எதற்குரியது என்று எப்படித் தெரியும்? தபாற் கந்தோரில் முத்திரைக்கு ஒரு யன்னல், காசுக் கட்டளைக்கு ஒரு யன்னல் என்று இருப்பது போல, கணினியிலும் இலக்கமிட்ட யன்னல்கள் உண்டு. இவற்றைத் துறைகள் என்பர். மின்னஞ்சல் ஏற்கும் துறை 25. இணையப் பக்கங்களுக்கு 80. முத்திரையிட்ட இணையப் பக்கங்களுக்கு 443. இந்த 443 என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்க. பூட்டின் கதை அங்கேதான் வருகின்றது.

அதற்கு முன் பெயர்களைப் பற்றிச் சொல்லவேண்டும். இலக்கங்களை மனிதர் நினைவில் வைத்திருப்பது அரிது. ஆகவே பெயரைச் சொன்னால் இலக்கத்தைத் தேடித்தரும் விலாசப் புத்தகம் ஒன்று 1983இல் வகுக்கப்பட்டது. வகுத்தவர் போல் மொக்கபெற்றிஸ். டீ.என்.எஸ். என்று அதற்குப் பெயர். இப்புத்தகம் ஓரிடத்தில் இல்லை. உலகெங்கும் பகுதி பகுதியாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றது. இலங்கைக்குரிய ‘எல்கே’ என்னும் பகுதி 1990இல் பதிவாயிற்று. 2010இல் ‘.இலங்கை’ என்று தமிழிலேயே முடியும் பெயர்களுக்கும், சிங்களத்தில் முடியும் பெயர்களுக்கும் இடங்கிடைத்தது. யந்திரங்கள் உள்ளுக்குள் அதனை ரோம எழுத்துக் கோவையாக மாற்றிக்கொண்டாலும், எமக்குத் தெரிவது எம் எழுத்தே.

இப்பெயர்களைப் படிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. தமிழ் உறையில் வீட்டு இலக்கம் முதலிலும் நாடு கடைசியிலும் வருவது போல, இணையப் பெயரிலும் பெரிய இடம் கடைசியில் நிற்கின்றது. ஆகவே பெயரைப் பின்னிருந்து முன்னாகப் படிக்கவேண்டும். ‘வங்கி.பரிசு.கொம்’ என்று ஒரு பெயரைக் கற்பனை செய்வோம். கண் முதலிற் காண்பது ‘வங்கி’ என்ற சொல்லை. ஆனால் அதன் உரிமையாளர் யார்? ‘பரிசு.கொம்’ என்பதை வாங்கியவரே. தம் வளவுக்குள் ஓர் அறை கட்டி, அதன் கதவில் வங்கி என்று எழுதிவைப்பதை எவரும் தடுக்க முடியாது. பெயர் எங்கே முடிகின்றது என்று அறிய, இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின்வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைத் தேடுக. சாய்கோடே இல்லையென்றால் பெயரின் கடைசிதான் முடிவு. அங்கிருந்து பின்னோக்கிப் படித்து வருக. சாய்கோட்டுக்கு அப்பால் எழுதியிருப்பவை எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் உரிமையைக் காட்டமாட்டா. டீ.என்.எஸ். தரும் வாக்குறுதி, கேட்ட பெயருக்குரிய இலக்கத்தைத் தருவது. நாம் கேட்டது சரியான பெயர்தானா என்று அது பார்ப்பதில்லை.

இப்போது பூட்டுக்கு வருவோம். ஜெனீவாவுக்கு அருகேயுள்ள சேர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் ரிம் பேர்னர்ஸ்-லீ 1989இல் முன்வைத்த திட்டத்திலிருந்து பிறந்தது உலகளாவிய வலை. “இப்பக்கத்தைத் தருக” என்று கேட்பதற்கும், “இதோ” என்றோ “அது இங்கில்லை” என்றோ விடையளிப்பதற்கும் உள்ள ஒழுங்கே எச்.டீ.டீ.பீ. ‘404’ என்று சில வேளை திரையிற் காண்பது அந்த இல்லையென்னும் விடைதான். ஆனால் இவ்வொழுங்கிற் போகும் செய்தி தபாலட்டை போன்றது. வழியிலுள்ளவர் படிக்கலாம், மாற்றியும் எழுதலாம். அதனை உறையிலிட்டு அரக்கு முத்திரை பதித்து அனுப்புவது எச்.டீ.டீ.பீ.எஸ். கடைசியிலுள்ள ‘எஸ்’ பாதுகாப்பைக் குறிக்கும். பூட்டு அடையாளம் இதற்கே உரியது.

அது இரண்டு விஷயங்களுக்குச் சாட்சி சொல்கின்றது. ஒன்று, செய்தி வழியிற் பிரிக்கப்படவில்லை. மற்றது, அது மேலே எழுதியிருக்கும் பெயருக்கு உரியவரிடமே போய்ச் சேருகின்றது. அப்பெயர் இன்னார் கையில் இருக்கின்றது என்று அத்தாட்சி வழங்கும் நிறுவனங்கள் உள்ளன. 2015 முதல் லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் நிறுவனம் அதனை இலவசமாகவே வழங்குகின்றது. அதனால் உலகின் இணையப் பக்கங்கள் பெரும்பாலானவை முத்திரை பெற்றன. அது பெரும் நன்மை. ஆனால் இத்தகைய அத்தாட்சியை வழங்குபவர், “இப்பெயர் உம்முடையதா?” என்று மாத்திரமே சோதிப்பார். “நீர் நேர்மையானவரா?” என்று கேட்பது அவர் வேலையன்று. திருடனும் தான் வாங்கிய பெயருக்கு அத்தாட்சி பெறலாம், பெறுகின்றான்.

ஆகவே, அந்தத் தாயாரின் அட்டை இலக்கம் வழியில் எவர் கண்ணிலும் படாமல், ஓரெழுத்தும் குறையாமல், முத்திரை கலையாமல் போய்ச் சேர்ந்தது. போய்ச் சேர்ந்த இடம் திருடனின் வீடு. ஐ.பீ. தன் வேலையைச் செய்தது, டீ.சீ.பீ. செய்தது, டீ.என்.எஸ். செய்தது, பூட்டும் செய்தது. பெறுபவர் நல்லவரா என்று சொல்ல அவற்றுள் ஒன்றும் ஒப்புக்கொண்டிருக்கவில்லை.

இதைப் பிழையாக விளங்கிக்கொண்டவர் அந்த மாணவி மாத்திரமல்லர் என்பதை அவருக்கு ஆறுதலாகச் சொல்ல விரும்புகின்றோம். பூட்டைப் பார்த்து இணையத்தளமே நம்பத்தக்கது என்று உலகெங்கும் மக்கள் எண்ணி வந்தமையால், கூகிள் நிறுவனம் தன் குரோம் உலாவியில் பூட்டுப் படத்தை 2023இல் கைவிட்டு வேறொரு குறியை வைத்தது. வேறு சில உலாவிகளில் அது இன்னும் இருக்கின்றது. பல ஆண்டுகளாக ஆசிரியர்களும் வங்கிகளும் பத்திரிகைகளும் “பூட்டைப் பாருங்கள்” என்றே சொல்லி வந்தோம். பூட்டு இல்லாவிடில் கொடாதீர்கள் என்பது சரியே. பூட்டு இருந்தால் கொடுங்கள் என்பது அதிலிருந்து பெறப்படாது.

அப்படியானால் செய்யத்தக்கது யாது? குறுஞ்செய்தியில் வந்த இணைப்பின் வழியே பணம் செலுத்தாதிருத்தல் முதலாவது. பொதி உண்மையென்று தோன்றினால், அனுப்பியதாக எண்ணும் மகளையே கேட்கலாம். அல்லது உரிய நிறுவனத்தின் பெயரை நாமே தட்டெழுதித் திறக்கலாம். வங்கி அனுப்பும் இரகசிய இலக்கத்தோடு எவ்வளவு தொகை, யாருக்கு என்று எழுதியிருந்தால் அதனை முழுவதும் படித்த பின்பே அவ்விலக்கத்தைப் பயன்படுத்தவேண்டும். மோசம் போனதாக ஐயந் தோன்றிய அக்கணமே, அட்டையின் பின்புறமுள்ள இலக்கத்தை அழைத்து அட்டையை நிறுத்தச் சொல்லவேண்டும். வெட்கப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் திருடனுக்கு இலாபம். பொலிஸில் முறையிடுவதோடு, 2006இல் அமைக்கப்பட்ட ஸ்ரீ லங்கா சேர்ட் என்னும் இணையப் பாதுகாப்பு நிறுவனத்துக்கும் அறிவிக்கலாம்.

மாணவிக்கு எமது வேண்டுகோள் ஒன்றுண்டு. தாயார் கைத்தொலைபேசியைத் தூர வைத்திருப்பது பணத்துக்குப் பாதுகாப்பாகலாம். ஆனால் கனடாவிலுள்ள மகளின் முகத்தையும் அதனோடு தூர வைத்துவிட்டார். இன்று ஞாயிறு. மாலையில் அம்மாவின் அருகே அமர்ந்து, அந்தப் பழைய குறுஞ்செய்தி அழிக்கப்படாமல் இருந்தால், இணைப்பைத் தொட்டுத் திறவாமல், பெயரை மாத்திரம் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். முதற் சாய்கோடு எங்கே என்று அவரையே காட்டச் சொல்லுங்கள். அங்கிருந்து பின்னோக்கிப் படிக்கச் சொல்லுங்கள். பரீட்சைக்கு நீங்கள் மனனஞ் செய்த சொற்களுள் ஒன்றையாவது அம்மா உங்களிடமிருந்து கற்றுக்கொள்ளட்டும். பிறகு அக்காவை அழையுங்கள்.